பெங்களூருக்குக் குடிபோவதா, மன்னார்குடிப் பக்கமே இருப்பதா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 37. வீட்டுக்காரர் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவர். தஞ்சாவூரில் அறுவடை மெஷின்களைப் பழுது பார்க்கும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறார். குறுவை, சம்பா அறுப்பு நேரத்தில் ராப்பகலாக வேலை. மற்ற மாதங்களில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சம்பளமும் அப்படித்தான் வரும். இப்போது பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. ஜூனுக்குள் சேரச் சொல்கிறார்கள்.

பெரியவள் எட்டாவது, சின்னவன் ஐந்தாவது. இரண்டு பேரும் அரசுப் பள்ளிதான், தமிழ் வழி. பெரியவளுக்கு மாட்டு டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசை. எங்கள் வீட்டு மாடு கன்று போட்டபோது பக்கத்திலேயே நின்று பார்த்தவள். அவ்வளவு பெரிய ஊரில் கன்னடம், இந்தி என்று புதிது புதிதாகப் படித்து என் பிள்ளைகள் எப்படித் தேறுவார்கள்? இங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருக்கிற சலுகையெல்லாம் போய்விடும் என்று டீச்சர் சொன்னார். இதைச் சொன்னால் அவர் உடனே சம்பளக் கணக்கை எடுத்துவிடுகிறார். அவர் யூடியூபில் எதையாவது காட்டுகிறார், நான் வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டுகிறேன். தினமும் இதே பேச்சு.

மாமியார் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒன்பது மா நிலம் இருக்கிறது. மாமனார் இருபது வருஷம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் உழைத்து வாங்கியது. அதைக் குத்தகைக்கு விட்டால் திரும்பி வராது என்று அத்தை பயப்படுகிறார். மாமனார் ஊருக்கு வந்த மறுவருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தைக்கு இந்த நிலம்தான் அவர்.

2016இல் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் நம் வண்டிகளை எரித்ததை டிவியில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

“முதல்ல நீங்க மட்டும் போங்க, ஒரு வருஷம் பாப்போம்” என்று சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டார். அதன் பிறகு சரியாகப் பேசுவதில்லை. இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

சின்னவன் மெட்ரோவில் போகலாம் என்று குதிக்கிறான். பெரியவள் “நீங்க சொல்றபடிம்மா” என்கிறாள். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. எனக்குத்தான் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமே இல்லை. போகலாமா வேண்டாமா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவாரூர் மாவட்டம்

ஆலோசகரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்த ஒரு வார்த்தையை நான் சொன்னால் நாளைக்கு உங்கள் வீட்டுச் சண்டையில் என்னையும் ஒரு சாட்சியாக இழுப்பீர்கள். அதனால் அதை விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்திலேயே நீங்கள் எழுதிவிட்டுக் கடந்துபோன சில வரிகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசுவோம். அதற்கு முன்னால் பள்ளிக்கூட விவரம். அரைகுறைத் தகவலோடு சண்டை போட்டால் அது முடியவே முடியாது.

“என் பிள்ளைகள் எப்படித் தேறுவார்கள்?” என்று இருவரையும் சேர்த்தே எழுதியிருக்கிறீர்கள். இந்த விஷயத்தில் உங்கள் இரண்டு பிள்ளைகளின் நிலைமையும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதை நீட்டித்தார்கள். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் 6 முதல் 12 வரை என்ற கணக்குத்தான். உங்கள் பெண் மூன்று வருடத்தை முடிக்கப்போகிறாள். இன்னும் நான்கு பாக்கி. நடுவில் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தாலும் விட்ட வருடம் விட்டதுதான். நம் மாநிலத்தைச் சேர்ந்தவள் என்ற முறையில் இருப்பிடச் சான்று வாங்கிப் பொதுக் கலந்தாய்வில் விண்ணப்பிக்க வழி இருக்கும். அரசுப் பள்ளி ஒதுக்கீடு இருக்காது.

கர்நாடகப் பக்கம் என்ன ஆகும்? அங்கே பொது நுழைவுத் தேர்வு வழியாக அந்த மாநில மாணவராகச் சேர, பொதுவாகப் பன்னிரண்டாம் வகுப்புக்குள் ஏழு ஆண்டுகளாவது அங்கே படித்திருக்க வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் பெரும்பாலான குடும்பங்களுக்கு அளவுகோல் இதுதான். ஆறாம் வகுப்பில் போய்ச் சேரும் உங்கள் பையனுக்கு ஏழு ஆண்டு சரியாக வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் போகும் பெண்ணுக்கு நான்குதான் வரும். இங்கே ஒதுக்கீடும் போய், அங்கே உள்ளூர்க்காரி என்ற தகுதியும் கிடைக்காமல் அவள் நடுவில் நிற்பாள். ஒரே பயணம், தம்பிக்கு ஒரு விதம், அக்காவுக்கு வேறு விதம். உங்கள் கணவர் சொல்லும் “பிள்ளைங்க நல்லா வருவாங்க” என்பதும், நீங்கள் சொல்லும் “பிள்ளைங்க கெட்டுப்போவாங்க” என்பதும் பாதிப் பாதி சரியாக இருப்பது இதனால்தான்.

மொழி விஷயம் இன்னும் நேரடியானது. 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி கர்நாடகப் பள்ளிகளில் கன்னடத்தை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்க வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிக்கும் இது உண்டு என்பது அந்த அரசின் நிலைப்பாடு. நடைமுறை பள்ளிக்குப் பள்ளி மாறும். நம் மாநிலத்திலும் 2006 முதல் தமிழ் கட்டாயம்தானே, இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்து வயதுப் பையன் தெருவில் விளையாடியே பாதிக் கன்னடம் பிடித்துவிடுவான். பதிமூன்று வயதுப் பெண், எழுத்திலிருந்து ஆரம்பித்து, ஆங்கில வழிக்கும் மாறி, இரண்டே வருடத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வேண்டும். முடியாதது என்று சொல்லமாட்டேன். சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது நான் ஆச்சரியப்பட்ட ஒரு விஷயம். வேலை பொம்மசந்திராவில் என்கிறீர்கள். அது ஓசூர் சாலையில், அத்திப்பள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. ஓசூர் தமிழ்நாடு. அங்கே குடியிருந்து அந்தப் பக்கம் வேலைக்குப் போய்வருகிற குடும்பங்கள் ஏராளம். பிள்ளைகள் ஓசூர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியிலேயே தொடரலாம். ஆறு முதல் பன்னிரண்டு என்ற கணக்கு அறுபடாது. காலையும் மாலையும் போக்குவரத்து நெரிசலில் அவர் அல்லாட வேண்டியிருக்கும், அது நிஜம். ஆனால் இவ்வளவு நாள் சண்டையில் ஓசூர் என்ற பெயரே உங்கள் இருவர் வாயிலும் வரவில்லை போலிருக்கிறது. நீங்கள் “இங்கே” என்றும் அவர் “அங்கே” என்றும் வக்கீல்கள் மாதிரி நின்றுவிட்டதால், நடுவில் இருந்த ஊர் கண்ணில் படவில்லை. ஓசூர்தான் தீர்வு என்று நான் சொல்லவில்லை. வாடகை, பள்ளி, பயண நேரம் எல்லாம் பார்த்துவிட்டு அதுவும் வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்யலாம். இருவரும் சேர்ந்து ஒரு சனி, ஞாயிறு போய்ப் பார்த்து வாருங்கள். திருமணமான பிறகு கணவனும் மனைவியும் ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஒன்றாக ஊர் சுற்றுவது அபூர்வம், அதற்காகவே போகலாம்.

சரி, தட்டை நகர்த்திவிட்டு எழுந்த இடத்துக்கு வருவோம். கோபப்பட இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். அதற்கு இரண்டு பத்தி முன்னால் மாமனார் இருபது வருஷம் சிங்கப்பூரில் இருந்தார் என்றும், ஊர் வந்த மறுவருஷமே போய்விட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்காரர் அப்பாவை ஒரு பையனாக எத்தனை நாள் பக்கத்தில் பார்த்திருப்பார்? மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆண்கள் பலர் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் என்னிடம் வருகிறார்கள். பணம் ஒழுங்காக வந்த வீடுகள். பெட்டி நிறையச் சாமான் வந்த வீடுகள். அப்பா மட்டும் விடுமுறைக்கு வந்துபோன வீடுகள். நீங்கள் “ஒரு வருஷம் பாப்போம்” என்று நல்ல மனதோடு, புத்தியோடுதான் சொன்னீர்கள். அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? “நீயும் உங்கப்பா மாதிரி ஆயிடு” என்று விழுந்திருக்கலாம். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம், அவரிடமே கேளுங்கள். சம்பளம், பள்ளி என்று ஆரம்பிக்காமல், “தனியாப் போகச் சொன்னது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை சும்மா இருங்கள். நடுவில் டீச்சர் சொன்னதைக் கொண்டுவர வேண்டாம்.

அத்தையின் பயத்தைக் கிழவியின் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் தஞ்சைப் பகுதியின் கதையையே மாற்றிய சட்டம். குத்தகையை ஒழுங்காகக் கட்டி, தானே பாடுபட்டு உழுகிறவரை எளிதில் வெளியேற்ற முடியாது. உழுகிறவனுக்கு அது நியாயம். நிலத்தை விட்டு வெளியூர் போகிறவர்களுக்கு அதனால்தான் பயம். எழுத்தில்லாமல், வாய்ப்பேச்சில் தெரிந்தவருக்கு விடுவதற்கு முன் மன்னார்குடியில் ஒரு வழக்கறிஞரை அத்தையையும் கூட்டிக்கொண்டே போய்ப் பாருங்கள். அவர் முன்னால் பேசினாலே பாதிப் பயம் இறங்கும். ஆள் வைத்து நீங்களே சாகுபடி செய்வதும், நடவுக்கும் அறுப்புக்கும் ஊருக்கு வந்துபோவதும் சாத்தியம்தான்; கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போகும் மைசூரு ரயிலில் மாலையில் ஏறினால் காலையில் பெங்களூரு. ஆனால் “நிலம்தான் அவர்” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகுதியை எந்த வழக்கறிஞரும் தீர்த்துவைக்க முடியாது. அத்தை ஊரிலேயே இருக்கட்டும் என்று முடிவானால், ராத்திரி துணைக்கு யார், உடம்புக்கு முடியாவிட்டால் யார் கூட்டிப்போவது என்பதைப் போவதற்கு முன்பே பேர் சொல்லி முடிவு செய்யுங்கள். “பாத்துக்கலாம்” என்று விடாதீர்கள்.

2016இல் நடந்தது நடந்ததுதான். அந்தப் பயத்துக்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் லட்சக்கணக்கான தமிழர்களில் உங்கள் ஊர்ப்பக்கம் இருந்து போனவர்களும் இருப்பார்கள். இரண்டு பேரிடம் பேசிப் பாருங்கள், டிவியிடம் கேட்க வேண்டாம்.

பெரியவள் விஷயத்தை வேண்டுமென்றேதான் கடைசியில் வைத்தேன். இந்த முடிவில் அதிகம் இழக்கக்கூடியவள் அவள்தான். அவளைப் பற்றி உங்கள் கடிதத்தில் இருப்பது மிகக் குறைவு. “நீங்க சொல்றபடிம்மா” என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். பெற்றவர்கள் தினமும் சண்டை போடும் வீட்டில் ஒரு பெண் குழந்தை, தன் பங்குக்கு ஒரு பாரத்தைக் கூட்ட வேண்டாமே என்று அப்படிச் சொல்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாட்டுக்குத் தண்ணி காட்டும் நேரத்தில் அவளோடு நில்லுங்கள். “போகலாமா?” என்று கேட்காதீர்கள், அதற்கு அவளிடம் பதில் தயாராக இருக்கிறது. அங்கே போனால் எதை நினைத்துப் பயமாக இருக்கும், இங்கேயே இருந்தால் எதை நினைத்து வருத்தமாக இருக்கும் என்று கேளுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது அவளுக்குத் தெரியுமா, அங்கே சேரத் தேவையான கணக்கை அவளே போட்டு வைத்திருக்கிறாளா என்றும் கேட்டுப் பாருங்கள். இந்த 7.5 சதவீத விவரத்தையும் அவளிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். முடிவு உங்களுடையது, அவள் தலையில் கட்டக்கூடாது. ஆனால் எது தெரிந்து முடிவெடுத்தீர்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தூக்கத்துக்கு இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள்: இரவு எட்டு மணிக்கு மேல் இந்தப் பேச்சு வேண்டாம் என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் இப்படியே விழிப்பு வந்தால், சாப்பாடும் குறைந்தால், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை இலவசமாக, தமிழிலேயே பேசும். மூன்று மணிக்கு விழித்தாலும் அழைக்கலாம்.