கூத்தும் ஓவியமும் பறையும், கூடவே அப்பாவும்: கேள்வி பதில்

நான் பென்னாகரம் பக்கம் தெருக்கூத்தில் வேஷம் கட்டுபவன். எங்கள் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், சின்னப் பையன்களுக்கு அடவும் பாட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன். கடைசிக் கேள்வி ஒரு அப்பா கேட்டது.

அண்ணா, டிப்ளமோ முடித்து ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டுக் கூத்துக்கு வரலாமா? "கூத்தாடப் போறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்" என்கிறார் அப்பா.

இப்போதைக்கு வேலையை விடாதீங்க தம்பி. கூத்துக்கு ராத்திரி கிடைப்பது பங்குனி, சித்திரை, வைகாசியில்தான். ஆடியில் அம்மன் கோயில்களால் கொஞ்சம் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அச்சாரம் கொடுக்க யாரும் வரமாட்டார்கள். அந்த மாதங்களில் எங்கள் ஆட்கள் காட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். முதல் இரண்டு சீசன் லீவு போட்டு ஆடுங்கள். ஒவ்வொரு ராத்திரிக்கும் வந்த காசு, வண்டிச் செலவு, அரிதாரச் செலவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பொண்ணு பேச்சுக்குப் பின்னால் இருப்பது, நாளைக்கு இவன் எப்படிச் சாப்பிடுவான் என்ற பயம். அதற்கு வாயால் சொல்லும் பதிலைவிட அந்த நோட்டுதான் உதவும்.

நான் ஆடுவதைப் பார்க்க அப்பா ஒருமுறைகூட வந்ததில்லை. எப்படி வரவைப்பது? (காரிமங்கலம்)

இந்தக் கேள்வியைத்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். டவுன் மண்டபத்து நிகழ்ச்சிக்குக் கூப்பிடாதீர்கள். அங்கே அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது. அவருடைய அக்கா தங்கை வாக்கப்பட்ட ஊர், மாமன் மச்சான் இருக்கிற ஊர், அங்கே பாரதம் நடக்கும்போது சொல்லுங்கள். ராத்திரி கண் விழிக்க மாட்டேன் என்றால் படுகளத்துக்கு வரச் சொல்லுங்கள். மண்ணில் பெரிதாகத் துரியோதனனைப் படுக்கவைத்திருப்பார்கள். பீமனும் துரியோதனனும் வேஷத்தோடு அதைச் சுற்றி ஓடி, மேலே ஏறிச் சண்டை போடுவார்கள். பகலில் நடப்பது, ஊரே நிற்கும். கூத்தே பார்க்காதவர்கள்கூட அதற்கு வருவார்கள்.

முடிந்தால் வேஷம் கட்டும் இடத்துக்கே அவரைக் கூட்டிப்போங்கள். கல்யாணமுருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் நம் உடம்பில் அசையாமல் நிற்பது கயிற்றால்தான். தளர்ந்தால் கிறுக்கி (வேகமாகச் சுழன்று ஆடும் அடவு) சுற்றும்போது தோளில் அடிக்கும், இறுகினால் பாட மூச்சு வராது. பின்னால் நின்று இழுத்துக் கட்ட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். அந்தக் கயிற்றை அப்பா கையில் கொடுங்கள். மாட்டைக் கட்டி, பாரம் கட்டிப் பழகிய கைக்கு எந்த இழுப்பு சரி என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியே உட்கார்ந்து பார்ப்பதும், தான் கட்டிவிட்ட வேஷம் திரை விலகி ஆடுவதைப் பார்ப்பதும் ஒன்றல்ல. விடிந்தபின் "நல்லா ஆடினே" என்று சொல்வார் என எதிர்பார்க்காதீர்கள். "மூணாவது பாட்டுல தாளம் விட்டுட்டியே" என்றால், கண் கொட்டாமல் பார்த்திருக்கிறார் என்று சந்தோஷப்படுங்கள்.

பிளஸ் டூ படிக்கிறேன். ஓவியம் படிக்க ஆசை, அம்மா நர்சிங் என்கிறார். (அரூர்)

சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி 1850இல் தொடங்கியது. கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரி உண்டு. சிற்பத்துக்கு மாமல்லபுரம். நான்கு வருஷப் பட்டப் படிப்பு என்பதை முதலில் சொல்லுங்கள், அம்மாவுக்குப் பாதி பயம் போகும். வரைந்து காட்டச் சொல்வார்கள், அதனால் தினமும் கை பழகட்டும். தர்மபுரி அருங்காட்சியகத்து நடுகற்களை உட்கார்ந்து வரைந்து பாருங்கள் பாப்பா. வில் பிடித்த வீரனின் கையையும் காலையும் வரைவது நல்ல பயிற்சி.

பறை வாசிக்கிறேன். "இந்த மேளத்தாலதான் நம்மள ஒதுக்கினாங்க, நீயும் அதையே தூக்காதே" என்கிறார் அப்பா. (ஊத்தங்கரை)

தம்பி, உங்கள் அப்பாவோடு இதில் வாதாடவே வேண்டாம். அவர் பட்டது உண்மை. கூப்பிட்டால் போக வேண்டும், கொடுத்ததை வாங்க வேண்டும் என்று அவர் அடித்தார். உங்கள் நிலைமை வேறு என்பது நடப்பில் தெரிய வேண்டும். கூலியை முன்கூட்டியே பேசுங்கள், வேண்டாத இடத்துக்கு வர முடியாது என்று சொல்லுங்கள், அதை அவர் காதுபடச் சொல்லுங்கள். பறைக்காக வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்ததையும் ஒருநாள் சொல்லிவையுங்கள்.

விருது, உதவி ஏதாவது உண்டா?

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்து அட்டை வாங்குங்கள். மாவட்ட விருதுகளில் 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி. கிடைத்தால் அப்பாவையும் விழாவுக்குக் கூட்டிப்போங்கள்.

மகன் சென்னையில் அனிமேஷன் வேலை செய்கிறான். சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. (கிருஷ்ணகிரி)

கேட்டதற்கே உங்களுக்கு நன்றி ஐயா. திரையில் ஒரு நொடி ஓட 24 படங்கள் வேண்டும். ஒரு பொம்மை கையைத் தூக்குவதற்கே உங்கள் மகன் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பான் என்று பாருங்கள். அடுத்தமுறை வீட்டுக்கு வரும்போது, "இதை எப்படிடா செய்யறே, காட்டு" என்று கேட்டு ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். அவன் காட்டியதையே சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள். சம்பளத்தைப் பற்றி அன்றைக்குக் கேட்காதீர்கள்.