வாசகர் கேள்வி பதில்: ஒப்பந்தத்தை முறித்தது யார்?

கேள்வி: உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன். ஹொப்ஸ் முடியாட்சியை ஆதரித்தார், லொக் இங்கிலாந்துப் புரட்சிக்கு வழிவகுத்தார், ரூசோ பிரெஞ்சுப் புரட்சியை உண்டாக்கினார் என்று ரியூசன் நோட்ஸில் மூன்று வரி இருக்கிறது. ஒரு புத்தகம் புரட்சியை உண்டாக்குமா?
மாணவி, கோண்டாவில்

பதில்: அந்த மூன்று வரியையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம் தங்கச்சி. மூவரும் 17, 18ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர்கள்; அரசு என்பது மக்களின் உடன்பாட்டால் உண்டானது என்ற 'சமூக ஒப்பந்த'க் கருத்தைத்தான் மூவரும் பேசினார்கள். ஆள்பவர் தன் பொறுப்பை மீறினால் சனம் என்ன செய்யலாம் என்று மூவரிடமும் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தானாகத் தெரியவரும்.

ஹொப்ஸ் 1651இல் 'லெவியத்தன்' எழுதியபோது இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் நொந்துபோயிருந்தது, இரண்டு வருடத்துக்கு முன்புதான் அரசனின் தலையையே வெட்டியிருந்தார்கள். ஒப்பந்தம் மக்கள் தங்களுக்குள் செய்துகொள்வது, அதில் ஆள்பவர் ஒரு தரப்பே இல்லை, ஆகவே அவர் அதை மீறினார் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார். ஷெல் சத்தத்துக்குள் பங்கருக்குள் இருந்தவர்களுக்கு அந்த மனிதரின் பயம் விளங்கும். ஆனால் அவரும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்: காப்பாற்றும் வல்லமை அரசுக்கு இருக்கும் வரைக்கும்தான் கீழ்ப்படியும் கடமையும் இருக்கும்.

லொக்கைப் பொறுத்தவரை ஆட்சி என்பது நம்பி ஒப்படைத்த பொறுப்பு. உயிர், சுதந்திரம், உடைமை மூன்றையும் காக்கத்தான் அதைக் கொடுத்தோம், காக்காவிட்டால் அதிகாரம் கொடுத்தவர்களிடமே திரும்பி வந்துவிடும். அவருடைய 'அரசு பற்றிய இரண்டு ஆய்வுரைகள்' நூல் அச்சில் வந்தது 1689இல், அதாவது 1688 புரட்சி முடிந்த பிறகு, அதனால் வழிவகுத்தார் என்பதைவிட நியாயம் சொன்னார் என்பதே பொருத்தம். 1776 அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில்தான் அவருடைய குரல் நேரடியாகக் கேட்கிறது.

ரூசோ ஆட்சியுரிமையை யாரிடமும் ஒப்படைக்கவே இல்லை. அது எப்போதும் மக்களிடமே இருக்கும், அரசு அவர்களுடைய ஊழியர் மட்டும்தான். 'சமூக ஒப்பந்தம்' 1762இல் வெளிவந்தது, அவர் 1778இல் இறந்துவிட்டார். 1789இல் சனத்தைத் தெருவுக்கு இழுத்தது பாண் விலையும் அரசின் கடனும் வரிச்சுமையும். ஆனால் தெருவுக்கு வந்தவர்கள் என்ன கேட்பது என்று தேடியபோது அவருடைய சொற்கள் கையில் இருந்தன; சட்டம் பொதுவிருப்பின், அதாவது எல்லோருக்குமான நன்மையை நாடும் மக்களின் கூட்டு விருப்பத்தின், வெளிப்பாடு என்று அந்த வருட மனித உரிமைப் பிரகடனத்திலேயே எழுதிவைத்தார்கள். பொதுவிருப்பு இதுதான் என்று சொல்லும் உரிமையைச் சிலர் தங்கள் கையில் எடுத்துக்கொண்டதும் தலை வெட்டும் கில்லட்டின் ஓயவில்லை. ரூசோவிடம் எனக்குள்ள பெரிய பயம் அதுதான்.

கேள்வி: நான் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து வைக்கவில்லையே, அது எப்படி என்னைக் கட்டுப்படுத்தும்?
வாசகர், சாவகச்சேரி

பதில்: 1748இல் ஸ்கொட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூமும் இதையேதான் கேட்டார். உறுதி எழுதி, சாட்சி வைத்துப் பிறந்த அரசு கிடையாது, சரி. ஆனால் நம்முடைய நாட்டில் எழுதிவைத்த ஒன்று இருந்தது. சுதந்திர இலங்கையின் முதல் அரசியல் யாப்பான சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் இயற்றக்கூடாது என்று பாராளுமன்றத்தைத் தடுத்தது. 1964இல் லஞ்ச ஆணையாளர் வழக்கில், அன்று நமது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த கோமறைக் கழகம், மக்கள் தங்களுக்குள் அந்த யாப்பை ஏற்றுக்கொண்டதற்கு அடிப்படையான நிபந்தனையே இதுதான் என்று சொன்னது. ஹொப்ஸிலிருந்து ரூசோ வரை பேசிய ஒப்பந்தத்தை ஒரு நீதிமன்றம் நம்மைப் பற்றிச் சொன்ன இடம் அது. 1971இல் தமிழரசுக் கட்சி தன் கோரிக்கைகள் ஏற்கப்படாமல் புதிய யாப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியது. 1972 மே மாதம் வந்த புதிய யாப்பில் அந்தப் பிரிவு இல்லை. நான்கு வருடத்தில் தனித் தமிழீழம் கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது.

நீங்கள் கையெழுத்து வைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த நிபந்தனையை நம்பித்தான் உங்கள் பாட்டன் காலத்தவர்கள் அந்த நாட்டுக்குள் இருந்தார்கள். லொக்கின் இரண்டாவது ஆய்வுரையில் கடைசி அத்தியாயம் அரசு எப்படிக் கலைகிறது என்பதைப் பற்றியது. அதையும் 29ஆம் பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.