பேய்ப்படமும் சொந்தக் கதையும்

கேள்வி: ஹாரர் பட டைரக்டர்களோட சொந்த வாழ்க்கைக்கும் அவங்க காட்டுற கொடூர உருவங்களுக்கும் நிஜமாவே சம்பந்தம் இருக்கா?

பதில்: எல்லாருக்கும் இருக்குன்னு சொல்லிட முடியாது. ஆனா கனடாக்காரர் டேவிட் க்ரோனென்பெர்க் விஷயத்துல அப்பட்டமாவே இருக்கு, மொத மனைவியோட விவாகரத்து, பொண்ணு யார்கிட்ட வளரணும்னு இழுபறின்னு மனுஷன் நொந்து போயிருந்த சமயத்துல உருவானதுதான் 1979ல வந்த ‘தி ப்ரூட்’. அதுல ஒரு அம்மாவோட கோவமே குட்டிக் குட்டி உருவங்களா அவ உடம்புக்கு வெளியில பொறந்து, யார் மேல கடுப்போ அவங்களைப் போய் அடிச்சே கொல்லும். செத்துப்போன ஒண்ணை டாக்டருங்க சோதிச்சுப் பார்த்தா தொப்புளே இருக்காது! என்ன, படத்துல புருஷன் தங்கமானவன், பொண்டாட்டிதான் மொத்தத்துக்கும் வில்லி. அந்த நிஜ மொத மனைவி படம் எடுத்திருந்தா யாருக்குக் கொம்பு முளைச்சிருக்குமோ!