'ரிட்' என்றொரு பழஞ்சொல்: கேட்டதும் சொன்னதும்

சட்டக் காகிதங்களை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. அந்த உரிமையில், நேற்றிலிருந்து 'ரிட்' (writ) என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி வந்து குவிந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கே: ரோமில் இருக்கும் ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் கல்லறைப் படம் பார்த்தேன். 'ரிட் இன் வாட்டர்' என்று செதுக்கியிருக்கிறார்கள். 'ரிட்டன்' என்றுதானே வரணும்? கல்லிலேயே பிழையா?

பிழை இல்லை. 'ரைட்' என்ற வினைக்கு இன்று ரோட், ரிட்டன் என்று படிக்கிறோம் இல்லையா, ஒரு காலத்தில் இந்த இரண்டு இடத்திலும் 'ரிட்' தாராளமாகப் புழங்கியது. ஷேக்ஸ்பியர் தன் 116ஆம் சானெட்டை (பதினான்கு வரிக் கவிதை) முடிக்கும்போது 'நான் எழுதியதே இல்லை' என்பதற்கு 'ஐ நெவர் ரிட்' என்றுதான் போடுகிறார். கீட்ஸ் 1821இல், 25 வயதில், காசநோயில் இறந்தபோதே அது பழைய வாடை அடிக்கும் சொல்தான். தன் பெயர் வேண்டாம், 'நீரில் பெயர் எழுதப்பட்டவன் இங்கே கிடக்கிறான்' என்ற பொருளில் ஒரு வரி போதும் என்று கேட்டுக்கொண்டார். நண்பர்கள் மனம் கேட்காமல் மேலே சில வரிகள் சேர்த்துவிட்டார்கள், ஆனாலும் பெயரைப் போடவில்லை. நமக்கு இதை விளக்கவே வேண்டாம், மூதுரை படித்தவர்களுக்கு 'நீர்மேல் எழுத்துக்கு நேர்' உடனே நாக்கில் வந்துவிடும். என்ன, ஔவை சொன்னது ஈரமில்லாத நெஞ்சத்தாருக்குச் செய்த உதவியை, இவர் சொன்னது தன்னையே.

கே: ஹைகோர்ட்டில் போடும் ரிட் மனுவும் இதே சொல்லா?

ஒரே குடும்பம். அது பெயர்ச்சொல், எழுதப்பட்டது என்று பொருள். பழைய ஆங்கிலேய அரசர்கள் முத்திரை வைத்து அனுப்பிய சின்ன ஓலைக்கு 'ரிட்' என்று பெயர், லத்தீனில் அதையே 'ப்ரேவே', அதாவது சுருக்கமானது, என்பார்கள். 'இன்னதைச் செய்' என்று நாலு வரி, கீழே முத்திரை, அவ்வளவுதான். அந்த ஓலைதான் கைமாறிக் கைமாறி நம் அரசியலமைப்பின் 32ஆம், 226ஆம் பிரிவுகளில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆட்கொணர்வு, மேண்டமஸ் (கடமையைச் செய் என்பது), செர்ஷியோராரி (கீழமை மன்றத்தின் உத்தரவை ரத்து செய்வது), ப்ரொஹிபிஷன் (கீழமை மன்றத்தை மேலே போகாமல் தடுப்பது), கோ வாரண்டோ (எந்த அதிகாரத்தில் இந்தப் பதவியில் இருக்கிறாய் என்று கேட்பது) என ஐந்து. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவை எடுத்துப் பாருங்கள், மேலே டபிள்யூ.பி., அதாவது ரிட் பெட்டிஷன், என்று ஓர் எண் இருக்கும். பக்கத்தில் எம்.டி. என்றும் இருந்தால் மதுரைக் கிளை. தமிழில் நீதிப்பேராணை என்று அழகான சொல் இருக்கிறது, ஆனால் வக்கீல் ஆபீஸில் 'ரிட் போட்டாச்சா?' என்றுதான் கேட்பார்கள். வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் சிவில் வழக்கு தொடங்கும் காகிதத்துக்கு இருந்த இந்தப் பெயரை 1999இல் தூக்கிவிட்டு 'கிளெய்ம் ஃபார்ம்' என்று மாற்றிவிட்டார்கள். நாம் விடவில்லை.

கே: 'ரிட் லார்ஜ்' என்றால் பெரிய எழுத்தில் எழுதியதா?

சொல்லுக்குச் சொல் அப்படித்தான். புழக்கத்தில், ஒரு சின்ன விஷயமே பெரிய அளவில், பளிச்சென்று தெரிவது. ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1640களில் எழுதிய ஒரு கவிதையின் கடைசி வரியில் 'புது ப்ரெஸ்பிட்டர் (சர்ச் மூப்பர்) என்பவர் பழைய ப்ரீஸ்ட்தான் (பாதிரியார்), ரிட் லார்ஜ்' என்று குத்துகிறார். இதில் ஓர் உள்குத்து உண்டு: ப்ரீஸ்ட் என்ற சொல்லே ப்ரெஸ்பிட்டர் தேய்ந்து வந்ததுதான். ஆக, ஆளும் அதே ஆள், எழுத்துதான் நீளம்! எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் சலிக்காது.

கே: முன்னால் அந்த டபிள்யூ எதுக்கு சார்?

முன்பு அதை உச்சரித்தார்கள். வாய் விட்டுவிட்டது, கை விடவில்லை. ராங், ரிஸ்ட், ராப் எல்லாம் இதே கதை.

கே: நம் 'எழுது' மாதிரி இதற்கும் வேறு பழைய பொருள் உண்டா?

உண்டு. அடிப்படைப் பொருள் கீறுவது. ஜெர்மனில் இதன் உடன்பிறப்பு 'ரைஸன்', இன்றைக்கும் கிழிப்பதைக் குறிக்கிறது. அவர்களுக்கு எழுத்து என்றால் மரத்திலும் கல்லிலும் கீறல். நம்முடையதோ தீட்டுவதையும் சேர்த்துக்கொண்டது: 'எழுதுங்கால் கோல்காணாக் கண்' என்ற 1285ஆம் குறளில் எழுதுவது கடிதமல்ல, கண்ணுக்கு மை.

கே: ஆங்கிலத்தில் கதை எழுதுகிறேன். 'ஐ ஹாவ் ரிட்' என்று போடலாமா?

பாத்திரம் 1600இல் வாழ்ந்தால் போடுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கிற பாத்திரமென்றால் வேண்டாம், ஆசிரியர் சிவப்பு மையோடு வருவார். இன்றைக்கு இது உயிரோடிருப்பது சில தொடர்களில்தான்: ரிட் லார்ஜ், ஹோலி ரிட் (புனித நூல்), அப்புறம் 'அரசின் ரிட் அங்கே ஓடாது'. கடைசித் தொடரை ஒரு மொழிபெயர்ப்பில் 'அங்கே ரிட் மனு செல்லாது' என்று பார்த்து அரை நாள் சிரித்தேன். அங்கே அரசின் அதிகாரம் செல்லாது என்பதே பொருள்.

கே: ஸ்க்ராபிள் என்ற சொல் விளையாட்டில் இதை ஏத்துக்குவாங்களா?

ஏத்துக்குவாங்க. ஏழு புள்ளி, அதில் நாலு அந்த டபிள்யூவுக்கே.