கிராபிக்ஸ் அருமையாக இருந்தும் சில வீடியோ கேம்களில் சண்டை ஏன் சப்பென்று இருக்கிறது? விளையாட கீபோர்டு போதுமா, கேம்பேட் (இரு கையிலும் பிடித்து ஆடும் கன்ட்ரோலர்) வாங்க வேண்டுமா?

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கீபோர்டா கேம்பேடா என்பதற்குக் கடைசியில் வருகிறேன். சண்டை ஏன் சப்பென்று இருக்கிறது என்பதற்கான பதில் எனக்குக் கிடைத்தது ஒரு கூத்துக் களத்தில். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பக்கம், அதாவது பழைய வடாற்காடு மாவட்டத்தில், கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. கடைசியில் விடிய விடிய பதினெட்டாம் போர், அதாவது பாரதப் போரின் கடைசி நாள் கூத்து. விடிந்ததும் படுகளம், அதாவது துரியோதனன் வீழும் காட்சி. இரண்டு வருடம் முன்பு அணைக்கட்டு பக்கம் ஒரு ஊருக்கு அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பீமனும் துரியோதனனும் கதாயுதத்தைச் சுழற்றிக்கொண்டு மோதுகிறார்கள். கதை ஆள்மேல் படவே இல்லை, ஒரு சாண் தள்ளித்தான் போகிறது. ஆனாலும் கூட்டம் மொத்தமும் 'ஐயய்யோ' என்கிறது. பையன் என் காதில் சொன்னான்: "இன்னா மாமா, படவே இல்ல, ஆனா பட்ட மாரியே கீது!"

உற்றுப் பார்த்தால் வேலை முழுவதும் மிருதங்கக்காரர் கையில் இருந்தது. கதை இறங்கும் அதே கணத்தில் ஓங்கி ஒரு அடி. அந்த அடியில் இரண்டு வேஷக்காரர்களும் அப்படியே சிலை மாதிரி நிற்பார்கள். ஒரு இமைப்பொழுதுதான். அப்புறம்தான் துரியோதனன் சுழன்று பின்னால் போவார். அந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டால் இரண்டு பேர் கட்டையைச் சுற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

கேம் செய்கிறவர்கள் இதை ஹிட் ஸ்டாப் என்கிறார்கள். அடி விழும்போது அடித்தவன், வாங்கியவன் இருவரும் சில ஃபிரேம்கள், அதாவது திரையில் அடுத்தடுத்து ஓடும் படங்களில் சில, உறைந்து நிற்பார்கள். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிநொடி. ஆறு ஃபிரேம் நின்றால் நொடியில் பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்கு அது நின்ற மாதிரியே தெரியாது, ஆனால் பலமாக விழுந்தது என்று கைக்குத் தெரியும். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இலேயே இது இருக்கிறது. 2018இல் வந்த காட் ஆஃப் வார் கேமில் கோடரியை வீசிவிட்டு முக்கோண பட்டனை அழுத்தினால் அது பறந்து வந்து கையில் விழும், விழும்போது கன்ட்ரோலர் அதிரும். எதிரி யாருமே இல்லாத இடத்திலும் நான் சும்மா வீசி வீசிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ காசு குடுத்தே?" என்றாள். ஆமாம், இதற்குத்தான்.

நீங்கள் சொல்லும் சப்பென்ற கேம்களில் வாள் எதிரியின் உடம்புக்குள் தண்ணீரில் போவது போலப் போய்வரும். எதிரி தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பான். அவன் தலைமேல் ஒரு எண் மட்டும் பறக்கும். மிருதங்கக்காரர் வெற்றிலை போடப் போய்விட்ட கூத்து மாதிரி.

கனம் மட்டும் இருந்தாலும் போதாது. நான் அழுத்தியது கேமுக்குக் கேட்டதா என்பது எனக்கு அதைவிட முக்கியம். இதை நான் படித்த இடம் தொண்ணூறுகளின் கடைசியில், வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சந்தில் இருந்த வீடியோ கேம் கடை. ஒரு ஆட்டத்துக்கு ஒரு ரூபாய் காயின். எல்லோரும் ஆடியது 'முஸ்தபா'. அதன் உண்மையான பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், 1993இல் கேப்காம் வெளியிட்டது என்பதெல்லாம் எனக்குத் தெரியவர இன்னும் பத்துப் பதினைந்து வருடம் ஆனது. நாலு பேரில் யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் வேகமாக ஓடுவான் என்பதால் தொப்பிக்கார முஸ்தபாவுக்குத்தான் அடிதடி. கேமின் பெயரே அவன் பெயராகிவிட்டது.

ஒரு ஸ்டிக், இரண்டே பட்டன். ஒன்று அடி, ஒன்று குதி. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சுற்றி நிற்கிறவர்களை எல்லாம் தூக்கி எறியும் ஒரு சுழல் அடி, ஆனால் அது பட்டால் நம் உயிரிலும் கொஞ்சம் குறையும். எத்தனை நேர்மையான வியாபாரம் பாருங்கள். மாட்டிக்கொண்டால் தப்பிக்கலாம், விலை உண்டு.

அந்தக் கடையில் செத்தவன் எல்லோரும் சொல்லும் வசனம் ஒன்றுதான்: "அண்ணே, பட்டன் வேலை செய்யல." கடைக்கார அண்ணன் எழுந்து வருவார். ஒன்றும் பேச மாட்டார். தன் கையால் ஒரு காயின் போட்டு, அதே மெஷினில் அதே பட்டனை வைத்து அந்தக் கட்டத்தைத் தாண்டிக் காட்டிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்வார். அன்றிலிருந்து நல்ல கன்ட்ரோல் என்றால் எனக்கு ஒரே அளவுகோல்தான். செத்த பிறகு 'பட்டன் வேலை செய்யல' என்று சொல்ல வாய் வரக்கூடாது.

அந்த அளவுகோலில் நான் ஆடியதிலேயே உயரத்தில் நிற்பது ஃபிரம்சாஃப்ட்வேர் உருவாக்கி 2019இல் வந்த செகிரோ என்ற வாள்சண்டை கேம். இதில் எதிரியின் உயிரைக் குறைப்பதைவிட அவன் நிலைகுலைவதுதான் முக்கியம். அவன் வாள் நம்மேல் விழும் கணத்தில் சரியாகத் தடுத்தால் அவன் எவ்வளவு நிலைகுலைந்தான் என்று காட்டும் போஸ்சர் பட்டை ஏறும், நிறைந்ததும் ஒரே குத்து. தடுக்கும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், அது வெறும் காப்பு. கணம் பார்த்து அழுத்தினால்தான் தட்டிவிடுவது. இரண்டுக்கும் பொறியும் வேறு, சத்தமும் வேறு. கணம் சரியாக விழுந்தால் கொல்லன் பட்டறையில் காய்ச்சிய இரும்பில் அடி விழுவது போல ஒரு 'ணங்'.

ஆஷினா கோட்டை உச்சியில் கெனிசிரோ என்று ஒருவன் நிற்பான். ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக் கணக்கு வேலையை முடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குக் காட்பாடி வீட்டில் உட்கார்ந்தால், பதினொரு ராத்திரி அவனிடம் அடி வாங்கினேன். பயத்தில் தடுக்கும் பட்டனைப் படபடவென்று அழுத்திக்கொண்டே இருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்தான் பிடித்தான்: "இன்னா மாமா நீ, மாவு இடிக்கிற மாரி இடிச்சிக்கினே கீறே. ஒரு அடிக்கு ஒரு தடவ அழுத்தேன்." அவன் சொன்னது சரி. அந்த கேமில் படபடவென்று அழுத்தினால் சரியாகத் தட்டிவிடுவதற்கான இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். அதாவது பதற்றத்துக்கே தண்டனை. மறுநாள் கையை அடக்கிக்கொண்டு தாளம் போடுவது போல ஒன்றுக்கு ஒன்று என்று அழுத்தினேன். மூன்றாவது முயற்சியில் விழுந்தான்.

இதே நிறுவனத்தின் டார்க் சோல்ஸ், 2022இல் வந்த எல்டன் ரிங் இரண்டும் இந்த விஷயத்தில் கொஞ்சம் வேறு. உருண்டு தப்பிக்கும் பட்டனும் ஓடும் பட்டனும் ஒன்றே. அழுத்திப் பிடித்தால் ஓட்டம், தட்டிவிட்டு எடுத்தால் உருளல். ஆகவே நாம் விரலை எடுக்கும்வரை எது வேண்டும் என்று கேமுக்குத் தெரியாது, எடுத்த பிறகே ஆள் உருளுவான். பயத்தில் நாம் என்ன செய்வோம்? பட்டனை இறுக்கி அழுத்துவோம். அங்கேதான் சாவு. செகிரோவில் அழுத்தியதுமே கால் நகரும், இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, இந்த சோல்ஸ் வகை கேம்கள் நாம் முன்கூட்டியே அழுத்தியதை நினைவு வைத்துக்கொள்ளும். பதறிப்போய் இரண்டு முறை தட்டினால் இரண்டாவது உருளலும் வரிசையில் நிற்கும், எதிரி இரண்டாம் அடி ஓங்கும்போது நாம் அவன் காலடிக்கே உருண்டு போய்ச் சேருவோம். எனக்கு இது குறையாகவே படுகிறது. பலர் இதையே ரசிக்கிறார்கள், அவர்களோடு சண்டை இல்லை. தெரிந்துகொண்ட பிறகு விரலுக்குக் கணக்கு வந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

எளிமையான கன்ட்ரோல் என்றால் இழிவு என்று நினைக்கிறவர்களையும் பார்க்கிறேன். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் தீப்பந்து வீச வேண்டுமானால் கீழே, குறுக்கே, முன்னே என்று ஸ்டிக்கை உருட்டிக் குத்து பட்டனை அழுத்த வேண்டும். 2023இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் மாடர்ன் என்று ஒரு முறை சேர்த்தார்கள். அதில் ஒரே பட்டனில் தீப்பந்து வரும், ஆனால் அடியின் வலு 20 சதவீதம் குறையும். முஸ்தபாவின் சுழல் அடி மாதிரியே, வசதி உண்டு, விலையும் உண்டு. எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை.

சரி, கேமைத் திட்டும் முன்பு டிவியைப் பாருங்கள். இதை நான் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டேன். புது டிவி வாங்கிய பிறகு இரண்டு மாதம் எந்த கேமைப் போட்டாலும் சேற்றில் நடப்பது போல இருந்தது. கேம்தான் மோசம் என்று தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லித் திரிந்தேன். கடைசியில் பார்த்தால் டிவி ஒவ்வொரு படத்தையும் மெருகேற்றிவிட்டுத்தான் திரையில் காட்டிக்கொண்டிருந்தது. அமைப்புகளில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டதும் அந்த மெருகு வேலை நின்று கை சொன்னதைப் படம் கேட்க ஆரம்பித்தது. மெருகேற்ற 100 மில்லிநொடி ஆகிறது என்று வையுங்கள், 60 ஃபிரேம் கேமில் அது ஆறு ஃபிரேம். கெனிசிரோ அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டான்.

மொபைல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. பையன் ஆடுவது பிஜிஎம்ஐ, பப்ஜி மொபைல் என்ற துப்பாக்கி கேமின் இந்தியப் பதிப்பு. 2020இல் பப்ஜி மொபைல் தடையானபோது துக்கம் விசாரிக்கும் முகத்தோடு திரிந்தவன், 2021 ஜூலையில் இது வந்ததும் சாப்பாட்டை மறந்தான். கண்ணாடித் திரையில் பட்டனுக்கு விளிம்பு கிடையாது, கட்டைவிரல் தடவிப் பார்த்து இடம் கண்டுபிடிக்க முடியாது. இவன் நான்கு விரலை நண்டுக் கால் போல வளைத்து ஆடுகிறான், குறி பார்ப்பதற்கு போனையே சாய்க்கிறான். துப்பாக்கி மேலே எகிறுவதை, போன் சாய்வதை உணரும் ஜைரோஸ்கோப் வைத்து அவன் அடக்குவதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். கத்திரி வெயிலில் மட்டும் பாவம். வேலூர் வெயிலில் விரல் வியர்த்துத் திரையில் வழுக்கும், பவுடர் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவான். நான் அதில் நாலு நிமிடம் தாண்டியதில்லை.

இப்போது கீபோர்டா கேம்பேடா. துப்பாக்கி கேம் என்றால் யோசிக்கவே வேண்டாம், மவுஸ். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் நடந்துகொண்டே சுட்டால் குண்டு எங்கோ போகும். எதிர்ப்பக்க விசையை ஒரு தட்டு தட்டிச் சட்டென்று நின்று சுட வேண்டும். அதற்குக் கீபோர்டு போல வேறொன்று கிடையாது. ஹாலோ நைட் போன்ற பக்கவாட்டு கேம்களுக்கும் கீபோர்டு தாராளமாகப் போதும், அதை நான் பழைய லேப்டாப்பில் கீபோர்டிலேயே முடித்தேன். ஆனால் செகிரோ, எல்டன் ரிங் மாதிரி சுற்றிச் சுற்றி அடிக்கும் கேம்களுக்குக் கேம்பேட்தான். கீபோர்டில் எட்டுத் திசை, ஒரே வேகம். ஸ்டிக்கில் எத்தனை சாய்க்கிறோமோ அத்தனை வேகம், எந்தக் கோணத்துக்கும் நடக்கலாம்.

வாங்கும்போது கடைக்காரரிடம் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். சாதாரண ஸ்டிக்கின் உள்ளே இரண்டு பாகம் உரசிக்கொண்டே இருக்கும். நாள்பட்டால் தேயும், தூசியும் சேரும், நாம் தொடாமலே ஆள் நகர ஆரம்பிப்பான். ஹால் எஃபெக்ட்டில் காந்தத்தை வைத்துப் படிப்பதால் உரசல் இல்லை.

என் பழைய கேம்பேடைப் பையனுக்குக் கொடுத்திருந்தேன். போன வாரம் எல்டன் ரிங்கில் மலை விளிம்பிலிருந்து விழுந்து செத்துவிட்டுக் கத்தினான்: "நான் ஒண்ணுமே பண்ணல மாமா, அவனா நடந்துகினு போறான்!" வீடியோ கேம் கடை அண்ணன் ஞாபகம் வந்தது. ஒன்றும் பேசாமல் கேம்பேடை வாங்கி மேஜைமேல் வைத்தேன். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். அவன் சொன்னது உண்மைதான். ஆள் மெதுவாக இடப்பக்கம் நடந்து போய்க் கீழே விழுந்தான்.