நாலு கல்லூரி, ஒரு நோயாளி: வாசகர் கேள்வி பதில்

மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி மாணவர்களைச் சேர்த்துப் பயிற்றுவிப்பது பற்றி வந்த கேள்விகளில் நான்குக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் வளாகத்தில் உடற்கூறியல் பாடத்தை எம்.பி.பி.எஸ்., நர்சிங் மாணவர்களுக்கு ஒரே அரங்கில் நடத்துகிறோம். இதுவே கூட்டுப் பயிற்சிதானே?
– நர்சிங் கல்லூரி ஆசிரியை, சேலம்

இல்லை. அதில் மிச்சமாவது ஆசிரியர் நேரம் மட்டும்தான். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்பதையே உலக சுகாதார நிறுவனம் 2010இல் கூட்டுக் கல்வி என்று வரையறுத்தது. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: ஒரு துறை மாணவர்கள் அன்று மொத்தமாக லீவு போட்டாலும் வகுப்பு அப்படியே நடக்குமா? நடக்கும் என்றால் அது கூட்டுப் பயிற்சி அல்ல.

கேஸ் கொடுத்து விவாதிக்கச் சொன்னோம். எம்.பி.பி.எஸ். மாணவர்களே பேசி முடித்துவிட்டார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எங்கே தவறு?
– பார்மசி விரிவுரையாளர், கோவை

பெரும்பாலும் கேள்வியில்தான். ‘என்ன நோய்?’ என்று கேட்டிருப்பீர்கள். அது ஒரு துறையின் கேள்வி. மற்றவர்கள் வாயைத் திறக்க வழியே இல்லை. நோயை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, ‘இன்று இவருக்கு என்ன செய்ய வேண்டும், வீட்டுக்கு எப்படி அனுப்புவது?’ என்று கேளுங்கள்.

அடுத்து, தகவலைப் பிரித்துக் கொடுங்கள். உதாரணமாக, 62 வயது ஆண், இடது பக்கவாதம், மூன்றாம் நாள். எம்.பி.பி.எஸ். மாணவரின் தாளில் சி.டி. முடிவும் மருந்துப் பட்டியலும். நர்சிங் மாணவியின் தாளில், தண்ணீர் கொடுத்தால் இருமுகிறார், அதனால் மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவும் மருந்தும் போகும் ரைல்ஸ் டியூப் போட்டிருக்கிறது என்ற விவரம். பார்மசி மாணவரின் தாளில் மாத்திரைகளின் லேபிள்: ஒன்று குடலில் கரையும்படி பூச்சிட்ட, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல், இன்னொன்று மெதுவாகக் கரையும் ரத்த அழுத்த மாத்திரை. பிசியோதெரபி மாணவியின் தாளில், இடது தோளில் வலி, தானாக உட்கார முடியவில்லை என்ற குறிப்பு.

நான்கையும் ஒன்றாக வைத்தால்தான் ஆபத்து தெரியும். டியூபில் போக மாத்திரையைப் பொடிக்க வேண்டும். பொடித்தால் பான்டோப்ரசோல் வயிற்று அமிலத்தில் வீணாகும். மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து முழுவதும் ஒரேயடியாக இறங்கி ரத்த அழுத்தம் சடாரென்று விழும். மருந்தை எழுதியவருக்கு டியூப் விஷயம் தெரியாது, டியூபில் கொடுப்பவருக்கு லேபிள் விஷயம் தெரியாது. அதேபோல, திருப்பிப் படுக்க வைக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு நழுவும். அதை நர்சிங் மாணவிக்குச் சொல்ல வேண்டியவர் பிசியோ மாணவி.

மூன்று துறை என்றால் குழுவுக்கு 6 பேர், நான்கு என்றால் 8. எந்தத் துறையிலிருந்தும் தனி ஆளாக ஒருவரை விடாதீர்கள்; இரண்டு பேர் இருந்தால்தான் வாய் திறப்பார்கள். அதனால் எத்தனை குழு என்பதை ஆள் குறைவாக உள்ள துறையே தீர்மானிக்கும், எம்.பி.பி.எஸ். மாணவர்கள் 150 பேரையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் குழுக்கள் கெட்டுப்போகும். இரண்டு மணி நேரத்தில் தனியாகப் படிக்க 15 நிமிடம், குழுவாகப் பேச 45 நிமிடம், மீதி முழுவதும் குழு பேசிய விதத்தை அலசுவதற்கு. ‘யார் சொன்னதைக் குழு கேட்கவில்லை, ஏன்?’ என்ற கேள்வி அங்கேதான் எழும். நேரமில்லை என்று முதலில் வெட்டப்படுவதும் அந்தப் பகுதிதான்! அலசலில் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கடைசியாகப் பேசட்டும். நடத்துபவர்கள் இரு துறைகளைச் சேர்ந்த இருவராக இருக்க வேண்டும். பேராசிரியர் நர்சிங் ஆசிரியையை டீ சொல்ல அனுப்பினால், மாணவர்கள் அன்று கற்பது அதை மட்டும்தான்.

முதலாண்டில் வேண்டாம். தன் துறையின் வேலையே தெரியாதவர் அடுத்தவருக்கு எதைச் சொல்வார்? எல்லோரும் வார்டுக்குப் போகத் தொடங்கிய பிறகு வையுங்கள்.

டாக்டருக்கு போன் செய்யவே எங்கள் மாணவிகள் பயப்படுகிறார்கள். எப்படிப் பழக்குவது?
– நர்சிங் பயிற்றுநர், தஞ்சாவூர்

தைரியமாகப் பேசு என்றால் போதாது. பேச்சுக்கு ஒரு வடிவம் கொடுங்கள். எஸ்.பி.ஏ.ஆர். என்பது அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த முறை. நிலைமை (Situation), பின்னணி (Background), என் கணிப்பு (Assessment), என்ன வேண்டும் (Recommendation) – இந்த வரிசை. கீழே உள்ள உதாரணத்தில் சாச்சுரேஷன் என்பது ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம், ஃபீட் என்பது டியூபில் கொடுக்கும் உணவு.

“சார், மெடிக்கல் வார்டு 12ஆம் பெட். சாச்சுரேஷன் 88, மூச்சு நிமிஷத்துக்கு 32. பக்கவாதத்துக்கு அட்மிட் ஆகி மூணாவது நாள், காலையில ஃபீட் போகும்போது இருமினார். ஃபீட் நுரையீரலுக்குள்ள போயிருக்கும்னு நினைக்கிறேன். ஃபீட்டை நிறுத்தி, தலையை உயர்த்தி, ஆக்சிஜன் வெச்சிருக்கேன். நீங்க உடனே வந்து பாக்கணும்.”

மாணவிகள் திணறுவது கடைசி இரண்டில்தான். ‘பேஷண்ட் நல்லா இல்ல சார்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். அந்த இரண்டை மட்டும் தனியாகப் பத்து முறை சொல்ல வையுங்கள். மறுமுனையில் நிஜ எம்.பி.பி.எஸ். மாணவர் இருக்கட்டும், தான் போனில் சொன்ன டோஸை மாணவியை எழுதித் திருப்பிப் படித்துக் காட்டச் சொல்லி, ‘சரி’ என்ற பிறகே போனை வைப்பதை அவரும் பழக வேண்டும்.

நிஜ வார்டிலேயே செய்ய முடியுமா?
– பிசியோதெரபி இறுதியாண்டு மாணவர், நாகர்கோவில்

முடியும். சுவீடனில் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1996 முதல், பல துறை மாணவர்கள் மேற்பார்வையின் கீழ் தாங்களே நடத்தும் பயிற்சி வார்டை வைத்திருக்கிறது. நம் ஊரில் ஒரு காலை நேரம், இரண்டு நோயாளிகள் என்று தொடங்கலாம். நோயாளியின் சம்மதம் வேண்டும்; சிகிச்சைக்கான ஆர்டரும் கையெழுத்தும் வார்டு டாக்டர், ஸ்டாஃப் நர்ஸுடையதுதான். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, குழு சேர்ந்து ஒரே ஒரு தாள் எழுத வேண்டும். நாலு துறைக்கும் தனித்தனித் தாள் கேட்டால் பழையபடி நாலு மூலையில் உட்கார்ந்து எழுதுவார்கள். மார்க்கில் பாதியாவது அந்தப் பொதுத் தாளுக்கு இருக்கட்டும்.