வாழ்நாள் உரிமம், 150 ரிங்கிட்: பயனீட்டாளர் கேள்வி-பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் கணினி, கைப்பேசி பற்றியவற்றை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன். ரசீதை இணைக்காமல் "நியாயம் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதியவர்கள், ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடியும் எழுதவும்.

கேள்வி: பேத்தி படிவம் நான்கு படிக்கிறாள். பாடத்துக்கு வேண்டும் என்று பட்டணத்துக் கடையில் பழைய மடிக்கணினி வாங்கினேன். ரசீதில் 'மைக்ரோசாஃப்ட் ஆபிஸ், வாழ்நாள் உரிமம், 150 ரிங்கிட்' என்று தனி வரியாக இருக்கிறது. அவள் ஆசிரியர் பார்த்துவிட்டு இது லிப்ரேஆபிஸ், இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது என்கிறார். கடைக்காரரிடம் கேட்டால், "எழுத முடிகிறதல்லவா, அப்புறம் என்ன?" என்கிறார்.
– ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி, லிந்தாங்

பதில்: ஐயா, நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். திரையில் இருக்கும் படக்குறிக்கு 'வேர்ட்' என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறார்கள். திறந்தால் மேலே லிப்ரேஆபிஸ் ரைட்டர் என்று வருகிறது. உட்கார்ந்து பெயரை மாற்றியவருக்கு, தான் விற்பது என்னவென்று நன்றாகவே தெரியும்.

மென்பொருளின் மேல் கோபப்பட வேண்டாம். 2010-இல் ஓப்பன்ஆபிஸிலிருந்து பிரிந்து வந்தது அது. பேத்தியின் கட்டுரைக்கும் கணக்குப் பட்டியலுக்கும் தாராளமாகப் போதும். யாரும் இறக்கிக்கொள்ளலாம், நகல் எடுக்கலாம், விலைக்கும் கொடுக்கலாம். அதன் உரிமமே அதை அனுமதிக்கிறது. 'நிறுவும் கூலி 30 ரிங்கிட்' என்று கடைக்காரர் எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். உழைப்புக்குக் கூலி உண்டு. ஒன்றைக் கொடுத்துவிட்டு வேறொன்றின் பெயரை எழுதிக் காசு வாங்கியது வேறு சங்கதி. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பொய்யான விவரிப்பு குற்றம்.

ரசீதையும் படங்களையும் பத்திரமாக வையுங்கள். கடைக்கு ஒரு கடிதம் எழுதி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். பணம் வரவில்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் பாரம் 1-ஐ நிரப்பிக் கொடுங்கள். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கேட்பார்கள். வழக்கறிஞர்களுக்கு அங்கே வேலை இல்லை, நீங்களே பேசலாம். தீர்ப்பு வந்து 14 நாளில் கடைக்காரர் அதன்படி நடக்காவிட்டால் அதுவே தனிக் குற்றம். 150 ரிங்கிட்டுக்கு இவ்வளவு அலைச்சலா என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தக் கடை இதே வரியை வேறு எத்தனை ரசீதில் எழுதியிருக்கிறதோ!

கேள்வி: எங்கள் தோட்டத்தில் 4ஜி அலையே ஒரு கோடுதான் காட்டுகிறது. 5ஜி கைப்பேசி வாங்கலாமா?
– செம்பனைத் தோட்ட லாரி ஓட்டுநர்

பதில்: கோபுரம் வந்த பிறகு வாங்குங்கள்.

கேள்வி: என்னுடையது 2017-இல் வாங்கிய மடிக்கணினி. "விண்டோஸ் 10 செத்துவிட்டது, இனி இதில் வங்கிக் கணக்கைத் திறந்தால் பணம் போய்விடும்" என்று சொல்லி 2,199 ரிங்கிட் புதுக் கணினியைக் காட்டுகிறார்கள். உண்மையா?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சாலாக் உத்தாரா

பதில்: பாதி உண்மை. விற்பவருக்கு வசதியான பாதி. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. ஆனால் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு நீட்டிப்பைக் கொடுத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அதில் சேமிக்கச் சம்மதித்தால் காசு கேட்பதில்லை. இதைக் கடைக்காரர் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார்.

விண்டோஸ் 11 உங்கள் கணினியில் அநேகமாக முறைப்படி ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும் என்பது நிபந்தனை. 2017-இல் கடைக்கு வந்த பெரும்பாலானவை ஏழாம் தலைமுறை. உங்கள் விசைப்பலகை வேலை செய்கிறது, திரை வேலை செய்கிறது, வட்டு வேலை செய்கிறது. தொலைவில் ஒரு நிறுவனம் தேதி குறித்ததால் நல்ல பொருள் குப்பைக்குப் போகிறது. இதைத் தொழில்நுட்ப வளர்ச்சி என்று செய்தியில் படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஒரு விரலியில் (பென்டிரைவ்) ஏற்றி, கணினியில் நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி கேட்கிறதா என்று ஒரு மாலை சோதித்தால் தெரிந்துவிடும். கூகுள் வகுப்பறை, வங்கி, மின்னஞ்சல் எல்லாம் உலாவியில் ஓடுபவை, சிக்கல் இல்லை. வீட்டில் யாராவது வேலரண்ட் விளையாடுகிறார்கள் என்றால் மட்டும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள், அது லினக்ஸில் ஓடாது.

கேள்வி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) 280 ரிங்கிட்டுக்கு ஆண்ட்ராய்டு பெட்டி வாங்கினேன். எல்லா அலைவரிசையும் ஆயுள் முழுக்க இலவசம் என்றார்கள். நான்கு மாதத்தில் திரை கறுப்பாகிவிட்டது. விற்றவர் இப்போது வருவதில்லை. ரசீது இல்லை. இழப்பீடு கிடைக்குமா?
– பந்து ரசிகர், கோலகங்சார்

பதில்: கிடைக்காது. பெயர் தெரியாத ஆளிடம், ரசீது இல்லாமல், திருட்டு ஒளிபரப்பை வாங்கிவிட்டு யார்மேல் வழக்குப் போடப் போகிறீர்கள்? 2022-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின்படி இத்தகைய பெட்டியை விற்பவருக்கு 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். அவர் வராததற்குக் காரணம் மழை அல்ல.

280 ரிங்கிட் போனதோடு முடிந்தால் நல்லது. ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் திறந்த மூலம், யாரும் எடுத்துத் தங்கள் பெட்டியில் போடலாம். போடும்போது கூடவே எதையும் சேர்க்கலாம். கூகுளின் சான்று பெறாத இப்படிப்பட்ட மலிவுப் பெட்டிகளில் 'பேட்பாக்ஸ் 2.0' என்ற தீநிரல் இருப்பதாக 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. சில பெட்டிகளில் ஆலையை விட்டு வரும்போதே அது இருந்தது. உங்கள் பெட்டியிலும் அது இருந்தால், உங்கள் வீட்டு இணைய இணைப்பு வழியாக வேறு யாரோ காரியம் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். படம் வராவிட்டாலும் பெட்டி வேலை செய்துகொண்டிருக்கும். மின்கம்பியைப் பிடுங்குங்கள். பேரனுக்கு விளையாடக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: நானும் நண்பர்களும் திறந்த மூல மென்பொருள் பயிற்சி ஒன்றை மண்டபத்தில் நடத்த நினைக்கிறோம். என் தாத்தா, "எல்லாம் பொது, எல்லாம் இலவசம் என்று இந்த ஊரில் கூட்டம் போடாதே, அது கம்யூனிஸ்டு பேச்சு" என்கிறார். என்ன பதில் சொல்வது?
– பாலிடெக்னிக் மாணவன், சுங்கை சிப்புட்

பதில்: தாத்தாவைக் கேலி செய்யாதே, தம்பி. 1948 ஜூன் 16-இல் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டதும், நாடே அவசரகாலத்துக்குள் போனதும் இந்த ஊரை வைத்துத்தான். முள்வேலிக்குள் வாழ்ந்த தலைமுறைக்கு எந்தச் சொல்லைக் கேட்டால் எங்கே வலிக்கும் என்பது நமக்குத் தெரியாது.

ஆனால் உன் தாத்தாவின் பக்கம் பெரிய ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்று சொல். 2001-இல் மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டார். 2005-இல் பில் கேட்ஸ், அறிவுச் சொத்துரிமையைத் தளர்த்தக் கேட்பவர்களைப் புதுவகைக் கம்யூனிஸ்டுகள் என்றார். அதே நிறுவனம் 2018-இல், திறந்த மூல நிரலர்கள் கூடும் கிட்ஹப்பை 750 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. கொள்கை மாறவில்லை, காசு எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. தாத்தா கையில் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால் அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் என்பதையும் சொல். அழைப்பிதழில் 'இலவச மென்பொருள்' என்று போடாமல் 'பழைய கணினியைப் புதுப்பிப்போம்' என்று போட்டால் மண்டபமும் நிறையும்.

கேள்வி: இணையத்தில் 2 டெராபைட் விரலி 29 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். கல்யாணப் படங்களைப் போட்டேன், பாதிப் படம் திறக்கவில்லை.

பதில்: 29 ரிங்கிட். திரும்ப ஒருமுறை அந்த விலையை வாய்விட்டுப் படியுங்கள். எஃப்3 என்ற இலவச மென்பொருள் உண்மையான கொள்ளளவைக் காட்டிவிடும். அந்த முடிவைப் படம் எடுத்து, தளத்தின் காலக்கெடு முடிவதற்குள் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். படங்களுக்கு நிழற்படக்காரரைப் பாருங்கள்.

கேள்வி: உறுப்பினர் பட்டியல், அர்ச்சனை ரசீது, உபயக் கணக்கு எல்லாவற்றுக்கும் எங்கள் கோயில் நிர்வாகம் 2016-இல் ஒருவரிடம் 2,800 ரிங்கிட் கொடுத்து மென்பொருள் வாங்கியது. ஆண்டுக்கு 400 ரிங்கிட் புதுப்பிப்புக் கட்டணம். இப்போது அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. போன மாதம் 'உரிமம் காலாவதி' என்று திரை பூட்டிக்கொண்டது. சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.
– கோயில் செயலாளர்

பதில்: முதலில் அவசர வேலை. அந்தக் கணினியை யாரும் 'ஃபார்மட்' செய்ய விடாதீர்கள். வட்டு முழுவதையும் அப்படியே நகல் எடுங்கள். மென்பொருளின் கோப்புறையில் டிபிஎஃப் என்று முடியும் கோப்புகள் இருந்தால் லிப்ரேஆபிஸ் கால்க் நேரடியாகத் திறந்துவிடும். எம்டிபி என்று முடிந்தால் விவரம் தெரிந்த பிள்ளை ஒருவன் எடுத்துத் தருவான். நடுவர் மன்றத்தை நம்பி இருக்காதீர்கள், அந்தச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவரைக் கருதி எழுதப்பட்டது.

இனி என் புலம்பல். 2,800 ரிங்கிட் கொடுத்தபோது நிர்வாகத்தில் எத்தனை பேர் இருந்தீர்கள்? "நாளை நீங்கள் இல்லாவிட்டால் எங்கள் கணக்கை நாங்கள் எப்படி எடுப்பது?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையா? பக்தர்கள் கொடுத்த பணம், பக்தர்களின் பெயர்கள், ஆனால் சாவி ஒரு தனி ஆளின் சட்டைப் பையில். கோயில் உண்டியலுக்கு இப்படி ஒரு ஏற்பாட்டைச் சம்மதிப்பீர்களா?

உங்களை மட்டும் திட்டிப் பயனில்லை, புத்ராஜெயாவும் இதே வழிதான். 2004-இல் நம் அரசாங்கம் பொதுத் துறைக்கு ஒரு திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்தது. உரிமச் செலவு குறையும், ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை என்றார்கள். நல்ல திட்டம். அதன் பிறகு எத்தனையோ பிரதமர்கள் வந்து போனார்கள், மேடையில் அதைப் பற்றிப் பேசிய ஒருவரையும் நான் கேட்டதில்லை. மேடையில் கொடுப்பதற்கு மடிக்கணினிதான் வசதி, படம் எடுக்கலாம்.

பிறகு 2020-இல், கோவிட் காலத் தடமறிதல் செயலியான மைசெஜாத்ரா வந்தது. மளிகைக் கடை வாசலில் பொத்தான் கைப்பேசியோடு நின்ற கிழவிகள், நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதக் கண்ணாடியைத் தேடியதை நாம் பார்த்தோம். அந்தச் செயலியை ஒரு தனியார் நிறுவனம் முதலில் சமூகப் பங்களிப்பாக எழுதிக் கொடுத்தது. 2022-இல், அது யாருடையது என்ற கேள்வி நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு வரைக்கும் போனது. அரசாங்கம் தன்னுடையது என்றது. கேள்வியே எழாதபடி முதல் நாளே எழுதி வைத்திருக்க வேண்டாமா? அதே 2020-இல் சிங்கப்பூர் தன் தடமறிதல் செயலியின் அடிப்படை நிரலை ஏப்ரலில் வெளியிட்டது. இந்தியா ஆரோக்கிய சேதுவின் ஆண்ட்ராய்டு நிரலை மே மாதம் வெளியிட்டது. இரண்டும் குறையில்லாதவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்தவன் திறந்து பார்க்க முடிந்தது. கேரளாவின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் ஆண்டுக்கணக்காக லினக்ஸில் படிக்கிறார்கள். வரிப்பணத்தில் எழுதும் நிரலைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று எந்தக் கட்சி தேர்தல் அறிக்கையில் எழுதுகிறதோ, அதன் கொடி எந்த நிறமாக இருந்தாலும் அந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை படிப்பேன்.

அடுத்த மென்பொருளுக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: எல்லாத் தகவலையும் சாதாரண அட்டவணைக் கோப்பாக எந்நேரமும் நாங்களே இறக்கிக்கொள்ள முடிய வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் செய்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவின் புலனத்துக்கு (வாட்ஸ்அப்) தெரிந்தவர் எண்ணிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. தொட்டதும் ஏதோ நிறுவச் சொன்னது. அன்று மாலைக்குள் 4,300 ரிங்கிட் போய்விட்டது. இனி வெளிச் செயலிகளைக் கூகுளே தடுக்கப் போகிறது என்று படித்தேன். நல்லதுதானே?
– மகள், ஜாலோங்

பதில்: அம்மாவை யாரும் திட்டாதீர்கள். தெரிந்தவர் எண், தெரிந்த விசேஷம், அவர் மேல் தப்பே இல்லை. அது பத்திரிகை அல்ல, ஏபிகே என்று முடியும் செயலி. குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் டிஏசி எண்ணைத் திருடும். இப்படி நடந்த நிமிடமே மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும், வங்கிக்கும் சொல்ல வேண்டும், போலீஸ் புகார் கொடுக்க வேண்டும். நாள் தள்ளிப் போயிருந்தாலும் புகார் கொடுங்கள். கைப்பேசியின் இணையத்தைத் துண்டித்து, முழுவதும் அழித்து மீண்டும் அமைக்கும்வரை அதில் வங்கிச் செயலியைத் திறக்காதீர்கள்.

கூகுள் செய்தி 2025 ஆகஸ்டில் வந்தது. செயலி எழுதுபவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிய வேண்டும் என்பது திட்டம். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடக்கம், மற்ற நாடுகளுக்கு அதன் பிறகு. உங்கள் அம்மாவின் நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேலி கூடுதலாகக் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் எஃப்-ட்ராய்ட் போன்ற திறந்த மூலச் செயலிக் கிடங்குகள் இதனால் தங்கள் கதை முடியும் என்கின்றன, அதிலும் நியாயம் இருக்கிறது. என் காசில் வாங்கிய கைப்பேசியில் என்ன ஓடலாம் என்பதற்கு ஒரே நிறுவனம் சீட்டு எழுதுவதை என்னால் கைதட்டி வரவேற்க முடியவில்லை. அதுவரை அம்மாவின் கைப்பேசியில் 'அறியப்படாத செயலிகளை நிறுவு' என்ற அனுமதியைப் புலனத்துக்கு மூடிவிடுங்கள். அமைப்புகளில் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை.

கேள்வி: வீட்டுக்குக் கண்காணிப்புக் கேமரா எந்த நிறுவனத்துடையது நல்லது?

பதில்: என்னிடமா கேட்கிறீர்கள்? என் வீட்டு முன்வாசலில் ஒன்று தொங்குகிறது. நிறுவனம் தன் சேவையகத்தை மூடியதிலிருந்து பல்லி மட்டும் அதைப் பயன்படுத்துகிறது. அதற்குப் பின்னும் புத்தி வராமல், வேறு நிறுவனத்து மையை ஏற்காத அச்சுப்பொறி ஒன்றும் வாங்கினேன்.

நினைவக அட்டையில் பதிகிறதா, ஆன்விஃப் என்ற பொதுத் தரத்துக்கு ஒத்துப்போகிறதா என்று பெட்டியில் பாருங்கள். பிறகு கடையிலேயே இணையத்தைத் துண்டித்துவிட்டுப் படம் வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் காசை எடுக்காமல் வெளியே வாருங்கள்.